பாதியில் நின்ற குயில்ட்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குயில்ட், அதாவது மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை ஒன்றைத் தொடங்கினேன். துணித்துண்டுகளால் ஆன மேல்துணியை முழுவதும் இணைத்துவிட்டுப் பல ஆண்டுகள் பெட்டியில் மடித்து வைத்திருந்தேன். இப்போது பஞ்சும் அடித்துணியும் வாங்கி உடனே வேலையைத் தொடரலாமா?

பதில்: வாங்குவதற்கு முன் மேல்துணியை நல்ல வெளிச்சத்தில் பின்புறம் தெரிய விரித்து, துண்டுகள் இணையும் மூட்டுகள் ஒவ்வொன்றையும் சோதித்துப் பாருங்கள். தையலின் இருபுறமும் கட்டைவிரல்களை வைத்து மெல்ல இழுக்கும்போது தையல் விலகிப் பல்போல் இடைவெளி தெரிந்தாலோ நூல் அறுந்தாலோ, அந்த இடத்தை இப்போதே மறுபடி தைத்துவிட வேண்டும். மூன்று அடுக்குகளும் சேர்ந்துவிட்டால் உள்பக்கத்திற்குக் கை எட்டாது. பழைய நூற்கண்டு மிச்சமிருந்தால் அதிலிருந்து ஒரு முழம் உருவி இரு கைகளாலும் சுண்டிப் பாருங்கள். எளிதில் அறுந்தால் அதை ஒதுக்கிவிட்டுப் புதிய நூலையே பயன்படுத்துங்கள்.

மடிப்புக் கோடுகளைப் போக்க இஸ்திரிப் பெட்டியை எடுப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். நீரில் கரையும் பேனாவால் வரைந்த கோடுகள் துணியில் இருந்தால், முதலில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி அவற்றை நீக்க வேண்டும். சூடு பட்டால் அவை நிலைத்துவிடக்கூடும். பழுப்புக் கறை இருக்கிறதே என்று மேல்துணியை மட்டும் தனியாகத் துவைக்காதீர்கள், வெட்டிய ஓரங்கள் பிரிந்து மூட்டுகள் விட்டுப்போகும். ஓரங்களை மூடித் தைக்கும் ஓரப்பட்டி வரை முடித்த பிறகு துவைப்பதே பாதுகாப்பானது.

கேள்வி: மேல்துணிக்கு இன்னும் நான்கு கட்டங்கள் (துண்டுகளை இணைத்துத் தைக்கும் சதுரங்கள்) தைக்க வேண்டும், ஆனால் அந்தத் துணி இப்போது கிடைக்கவில்லை.

பதில்: அதே துணியைத் தேடி மேலும் காலம் கடத்த வேண்டாம். அதே அச்சு கிடைத்தாலும் சாயம் சற்று மாறியிருக்கும், அந்தச் சிறு வேறுபாடே கண்ணை உறுத்தும். துணிந்து வேறொரு துணியைத் தேர்ந்து, ஒரே மூலையில் குவிக்காமல் பரவலாக வையுங்கள். இருக்கும் கட்டங்களைக் கொண்டு சிறிய அளவில் முடிப்பதும் நல்ல முடிவுதான். என்னைக் கேட்டால் அதையே முதலில் பரிந்துரைப்பேன்.

கேள்வி: வெவ்வேறு காலங்களில் தைத்ததால் கட்டங்கள் அரை அங்குலம் வரை கூடியும் குறைந்தும் இருக்கின்றன. பிரித்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. தையலுக்கு விடும் கால் அங்குலத்தில் 1/16 அங்குலம் கூடினாலே ஒவ்வொரு மூட்டும் 1/8 அங்குலத்தை விழுங்கிவிடுகிறது. நான்கு மூட்டுகள் உள்ள கட்டத்தில் அதுவே அரை அங்குலமாகிவிடும். எல்லாவற்றையும் மிகச்சிறிய கட்டத்தின் அளவுக்கு வெட்டினால் நட்சத்திரம் போன்ற வடிவங்களின் முனைகள் அறுபடும். ஆகவே ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் ஒரே நிறப் பட்டையைச் சற்றுத் தாராளமான அகலத்தில் இணைத்து, அதன்பின் அனைத்தையும் ஒரே அளவுக்கு வெட்டுங்கள். பட்டையின் அகலத்தில் வரும் வேறுபாட்டை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கேள்வி: மூன்று அடுக்குகளையும் ஊக்கு குத்தி வைத்ததோடு வேலை நின்றுவிட்டது. அப்படியே தைக்கத் தொடங்கலாமா?

பதில்: எல்லா ஊக்குகளையும் கழற்றிவிடுங்கள். நாள்பட்ட ஊக்கு துருப்பிடித்துக் கறை விட்டிருக்கலாம். மடித்தே இருந்ததால் அடுக்குகளும் நகர்ந்திருக்கும். அடித்துணியைச் சுருக்கமின்றி இழுத்துத் தரையில் ஒட்டுநாடாவால் ஒட்டி, பஞ்சையும் மேல்துணியையும் பரப்பி, உள்ளங்கை அகல இடைவெளியில் மறுபடி ஊக்கு குத்துங்கள். நடுவிலிருந்து வெளிநோக்கித் தைத்தால் மிகைத்துணி ஓரத்தை நோக்கித் தள்ளப்படும். தையல் வரிகளின் இடைவெளியைப் பஞ்சுதான் தீர்மானிக்கிறது: சிலவகைப் பஞ்சுக்கு 2 அங்குலத்துக்கு ஒரு தையல் தேவை, சிலவகை 8 அங்குலம் வரை தாங்கும். உறையில் அச்சிட்டிருக்கும் அளவை மீறினால் துவைக்கும்போது பஞ்சு திரண்டுவிடும். வேலை நீள்கிறது என்று கவலைப்படுவோர் நெருக்கமான அலங்காரத்தைக் கைவிட்டு, அந்த அளவுக்குள் நேர்கோடுகளாகவே தைத்து முடிக்கலாம்.

கேள்வி: ஓரப்பட்டி மட்டுமே பாக்கி. மூலைகளை நினைத்தே ஒத்திப்போடுகிறேன்.

பதில்: இரண்டரை அங்குல அகலப் பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். நேரான ஓரத்துக்குக் கிராஸாக (துணியின் இழைக்குக் குறுக்குச் சாய்வாக) வெட்ட வேண்டிய அவசியமில்லை. மூலைக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்திப் பட்டையை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, பிறகு அடுத்த ஓரத்தோடு ஒட்டிக் கீழே இறக்கி, மேல் விளிம்பிலிருந்து மறுபடி தைக்கத் தொடங்குங்கள். பின்புறம் திருப்பும்போது மூலை தானாகவே சாய்வாக மடிந்து அமரும். முதலில் ஒரு துண்டுத்துணியில் ஒரு மூலையைத் தைத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே குயில்டில் தொடங்கிவிடுங்கள்.