சேலத்தில் நள்ளிரவு எஃப்எம் நிகழ்ச்சிக்குத் தவறாமல் போன் செய்த நேயர்கள் யார்?

பெரும்பாலும் இரவு ஷிப்ட்காரர்கள்தான்: தறி, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறை, உருக்காலை, லாரி. கையும் கண்ணும் வேலையில் இருக்க, காது மட்டும் சும்மா இருக்கும். அதற்கு ரேடியோதான் தோது.

எனக்கு மறக்காதவர் அம்மாப்பேட்டைத் தறிக்காரர் ஒருவர். லைனில் வந்தாலே அவர் குரலுக்கு முன்னால் தறிச் சத்தம் வந்துவிடும். “அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்களேன்” என்று தொகுப்பாளர் கெஞ்சினால், “நூல் அறுந்தாத்தான் நிக்கும் கண்ணு” என்பார். ஒருநாள் சத்தமே இல்லாமல் பேசினார். கரண்ட் போயிருந்தது. எந்தப் பழைய பாட்டுக்கு யார் இசை என்று தப்பாகச் சொன்னாலும் அடுத்த நிமிஷம் அவர் போன்தான்.

லாரி டிரைவர்கள் தொப்பூர் கணவாயில் வண்டிகள் தேங்கி நிற்பதைச் சொல்வார்கள். என் கணக்கில் விளம்பரத்தைவிட உபயோகமான தகவல் அது.

ஏற்காட்டு எஸ்டேட் காவலாளிகள் கதை வேறு. எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். சேலத்தைப் பார்த்த சரிவில் தெளிவாகக் கேட்கும். மலைக்குப் பின்பக்கம் போனால் வெறும் இரைச்சல். அதனால் “இன்னிக்கு இங்க கேக்குது” என்று சொல்வதற்கே போன் செய்வார்கள்.