போர்டு அப்புறம் வைங்க, வியாழக்கிழமை யாரு சமைக்கிறா?

கேள்வி: வணக்கம் அக்கா. எங்க ஏரியாவுல எல்லாரும் பெரியம்மா பெரியம்மான்னு கூப்பிட்ட ஒருத்தங்க போன மாசம் தவறிட்டாங்க. சொந்தம்னு பாத்தா ஒரு மகள் மட்டும்தான், ஆனா சாவுக்கு வந்த கூட்டம் ரோடு முழுக்க நின்னுச்சு. வியாழக்கிழமை ஆனா ஃப்ளாட்ல தனியா கெடக்கிற வயசானவங்களுக்கு சோறும் பருப்பும் ஆக்கி கொண்டுபோவாங்க, பென்ஷன் வாங்க கிழவிங்களுக்கு துணைக்கு போவாங்க, விடியக்காலையில ஆர்.கே.கான் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப்போய் கூடவே உக்காந்திருப்பாங்க. இப்போ கோயில் கமிட்டி ஹாலுக்கு அவங்க பேரு வைக்கணும்ங்குது, எங்க செட்டு பசங்க டிரஸ்ட் ஆரம்பிக்கலாம்ங்கிறோம், மகளோ எதுவுமே வேணாம்ங்கிறாங்க. என்ன பண்றது?
– ஒரு தம்பி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: தம்பி, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். ஹால் இருக்கு, டிரஸ்ட் இருக்கு, ஆனா அவங்க போனதுக்கு அப்புறம் அந்த ஃப்ளாட்டுங்களுக்கு சோறு போச்சா இல்லையான்னு ஒரு வரி கூட இல்ல. மொதல்ல அத பாருங்கய்யா. இந்த மாதிரி ஆளுங்க எதையும் கம்ப்யூட்டர்ல வெச்சிருக்க மாட்டாங்க, ஒரு பழைய ஸ்கூல் நோட்டு இருக்கும், அதுல எந்த பிளாக் எந்த கதவு, யாருக்கு சுகர், யாருக்கு உப்பு ஆகாது, யாரோட மகன் ஜோஹானஸ்பர்க்ல இருக்கான் அவன் நம்பர் என்னன்னு எல்லாம் கிறுக்கி வெச்சிருப்பாங்க. நோட்டு இல்லேன்னா அவங்களோட பாத்திரம் தூக்கிட்டு நடந்த ரெண்டு மூணு பொம்பளைங்க மனசுல இருக்கும், அவங்கள உக்கார வெச்சு டீ குடுத்து கேட்டு எழுதிக்கோங்க, இந்த வாரமே, ஏன்னா அவங்களுக்கும் வயசாகுது.

ஹால் விஷயம். நம்ம நாட்டுலயே ஒரு கதை இருக்கு. ஜோஹானஸ்பர்க்ல பொறந்த தில்லையாடி வள்ளியம்மை, காந்தியோட சத்தியாகிரகத்துல சேந்து உள்ள போன பொண்ணு, மாரிட்ஸ்பர்க் ஜெயில்ல இருந்து காய்ச்சலோட வெளிய வந்து 1914 பிப்ரவரி 22ல செத்துப்போச்சு, 16 வயசு பொண்ணு. அது பேருல ஒரு ஹால் கட்டணும்னு இங்க தீர்மானம் போட்டாங்க. பல வருஷம் கழிச்சு காந்தி தென்னாப்பிரிக்க சத்தியாகிரகத்தை பத்தி புத்தகம் எழுதுறப்போ, அந்த ஹால் இன்னும் வரலைன்னு அவரே எழுதுறாரு, கல்லும் மண்ணும் வெச்சு கட்டினாலும் கட்டாட்டியும் அந்த பொண்ணோட சேவை அழியாதுன்னும் சொல்றாரு. இப்போ சென்னையில கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கு அந்த பேரு இருக்கு, ஜோஹானஸ்பர்க் பிராம்ஃபோன்டெய்ன் இடுகாட்டுல கல்லறை இருக்கு. உங்க பசங்கள்ல எத்தனை பேரு அத போய் பாத்திருக்காங்கன்னு கேட்டுப்பாருங்க.

பேரு வைக்கிறது தப்புன்னு சொல்ல வரல. நிறவெறிய எதுத்து நின்ன டாக்டர் கூனம் பேருல டர்பன்ல ரோடு இருக்குறது எனக்கு சந்தோஷம்தான், ஆனா அத இன்னும் பழைய பேருல பிரின்ஸ் எட்வர்ட் ஸ்ட்ரீட்னே சொல்லுற ஆளுங்கதான் எனக்கு நெறைய தெரியும். அதே டர்பன்ல 1921ல ஆதரவு இல்லாதவங்களுக்காக சின்னதா ஆரம்பிச்ச ஆர்யன் பெனவலன்ட் ஹோம் இன்னிக்கும் உங்க சாட்ஸ்வொர்த்லயே நடக்குது. ஆரம்பிச்சவங்க எல்லாரும் போய் சேந்தாச்சு, வேலை மட்டும் நிக்கல. எனக்கு அதுதான் புடிக்குது.

அந்த மகள் வேணாம்ங்கிறாங்கன்னு எழுதினீங்க. அது பிடிவாதமா எனக்கு தெரியல தம்பி. அம்மாவை ஊரே பங்கு போட்டுக்கிச்சு, அந்த வீட்டுக்கு மிச்சம் எவ்வளவு கெடைச்சுதோ, நம்ம யாருக்கு தெரியும்? 16ஆம் நாள் காரியம் அவங்க இஷ்டப்படி முடியட்டும், அதுல கமிட்டி மைக்கை நீட்ட வேணாம். அப்புறமா ஒரு மாசம் கழிச்சு ரெண்டு பேரு மட்டும் போங்க, போர்டு பேச்சே எடுக்காம, "அக்கா, வியாழக்கிழமை சாப்பாடு நாங்க பாத்துக்கிறோம், அம்மா பேர சொல்லலாமா வேணாமா நீங்களே சொல்லுங்க"ன்னு கேளுங்க. வேணாம்னா வேணாம்தான், பேரு இல்லாமலும் சோறு வேகும்.

இன்னொண்ணு, அஞ்சலின்னு சொல்லிக்கிட்டு அவங்க கையால சாப்பாடு வாங்கின கிழவிங்க போட்டோவை எல்லாம் வாட்ஸ்அப்ல சுத்த விடாதீங்க. அவங்க பேரப்பசங்க பாப்பாங்க.

கேள்வி: அதே மாதிரி எங்க தெருவுலயும் ஊருக்கு ஓடியாடி செஞ்ச ஒரு அக்கா இருந்தாங்க, தவறிட்டாங்க, ஜனங்க குடுத்த பணம் எல்லாம் அவங்க சொந்த பேங்க் அக்கவுண்ட்லயே கெடக்கு. இப்போ எடுக்க முடியல. குடும்பத்துக்காரங்க நம்ம மேல சந்தேகப்படுறாங்க.
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: தங்கச்சி, இது ரொம்ப பேருக்கு நடக்குது. ஆளு செத்தது பேங்குக்கு தெரிஞ்சதும் அக்கவுண்ட்டை நிறுத்திடுவாங்க. உள்ள இருக்குற காசு சட்டப்படி அவங்க எஸ்டேட், அதாவது விட்டுட்டுப்போன சொத்து, அத மாஸ்டர் ஆஃப் தி ஹை கோர்ட்டுக்கு, செத்தவங்க சொத்து விஷயத்த பாக்குற ஆபீஸுக்கு, குடும்பத்துக்காரங்க ரிப்போர்ட் பண்ணணும், 14 நாளுக்குள்ளன்னு கணக்கு, லேட் ஆயிருந்தாலும் பரவாயில்ல போய் பண்ண சொல்லுங்க. எஸ்டேட் 2,50,000 ரேண்டுக்கு மேல போகலேன்னா வேலை கொஞ்சம் சுலபம், அந்த சொத்த எடுத்து கணக்கு முடிக்க ஒருத்தர் பேருல ஒரு அத்தாரிட்டி லெட்டர் குடுப்பாங்க. நீங்க பண்ண வேண்டியது, யாரு எவ்வளவு போட்டாங்க எதுக்கு போட்டாங்கன்னு மெசேஜ், டெபாசிட் சிலிப் எல்லாம் சேத்து, அந்த லெட்டர் யாரு பேருல வருதோ அவங்க கையில எழுத்துல குடுக்குறது. சாவு வீட்டு வாசல்ல நின்னு "எங்க காசு"ன்னு கேக்காதீங்க, நீங்க சொல்றது நியாயமா இருந்தாலும் கேக்க நல்லா இருக்காது.

இனிமே யாரு பேருலயும் போடாதீங்க. சங்கம்னு ஒரு சட்ட திட்டம் எழுதி அந்த பேருலயே அக்கவுண்ட் தொறங்க, ரெண்டு கையெழுத்து வெச்சு. சோஷியல் டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட்ல என்.பி.ஓ.வா, அதாவது லாபம் பாக்காத அமைப்பா, ரெஜிஸ்டர் பண்ண ஃபீஸ் கெடையாது, பணம் குடுத்தாதான் ஆகும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. ஆனா ரெஜிஸ்டர் பண்ணிட்டா வருஷ கணக்கு முடிஞ்சு 9 மாசத்துக்குள்ள ரிப்போர்ட் அனுப்பணும், இங்கதான் முக்காவாசி சங்கம் விழுது, ஆரம்பிக்கிறப்போ இருக்குற ஜோரு ரிப்போர்ட் எழுதுறப்போ இருக்காது. கடைக்காரங்க குடுக்குற நன்கொடைக்கு டாக்ஸ்ல கழிச்சுக்குற மாதிரி ரசீது வேணும்னா அது வேற, சார்ஸ்ல, அதான் வரி ஆபீஸ்ல, 18ஏங்குற அப்ரூவல் வாங்கணும், பொறுப்புல ஒருத்தருக்கொருத்தர் சொந்தம் இல்லாத மூணு பேராவது இருக்கணும். அண்ணன், தம்பி, மச்சான்னு கமிட்டி போட்டா நடக்காது. பத்து குடும்பத்துக்கு சோறு போடுற வேலைக்கு இந்த ரெஜிஸ்டர், 18ஏ எல்லாம் தேவையே இல்ல, எடுத்த எடுப்புல லாயர் கிட்ட ஓடாதீங்க.

கேள்வி: உயிரோட இருந்தப்போ ஒருத்தரும் எட்டிப்பாக்கல, இப்போ டென்ட் போட்டு பிரியாணி போடுறாங்க. வயிறு எரியுது அக்கா.
– கோவக்காரி, டொங்காட்

பதில்: எரியட்டும். பிரியாணி போடுற அதே ஆளு கிட்ட போய் மாசத்துக்கு ஒரு மூட்டை அரிசி கேளுங்க, குத்த உணர்ச்சி சூடா இருக்கும்போதே.

கேள்வி: எங்க தமிழ் ஸ்கூல் டீச்சருக்கு நினைவு கூட்டம் வைக்கிறோம். நாப்பது வருஷம் சம்பளம் வாங்காம சொல்லிக்குடுத்தவங்க. ஆனா பேச வர்ற பசங்களுக்கு தமிழ் சரளமா வராது, இங்கிலீஷ்ல பேசினா அவங்களுக்கு அவமானமா?
– பழைய மாணவன், மாரிட்ஸ்பர்க்

பதில்: அவமானம் எங்க இருந்து வரும்? இங்கிலீஷ் எழுத்துல எழுதி வெச்சு தேவாரம் பாடி வளந்த ஊரு இது, அப்படியாவது பாட வெச்சது யாரு, இந்த மாதிரி டீச்சருங்கதான். மனசுல உள்ளத இங்கிலீஷ்லயே பேசட்டும், அழுகையும் அதுலயே வரட்டும். ஆனா கூட்டத்துல ஒரு தேவாரம் மட்டும் அந்த பசங்களே பாடணும், சி.டி. போடக்கூடாது. தப்பு வந்தா வரட்டும், டீச்சர் இருந்திருந்தா நிறுத்தி திருத்தியிருப்பாங்க, திருத்த தெரிஞ்ச பெரியவங்க யாராவது முன் வரிசையில உக்காந்திருந்தா போதும். பேச்சாளர் மூணு பேருக்கு மேல வேணாம், கவுன்சிலரை கூப்பிட்டீங்கன்னா அவரு டீச்சர விட்டுட்டு எலெக்‌ஷன் பத்தி பேசுவாரு, அத நான் நெறைய பாத்துட்டேன்.

கேள்வி: ஊருக்காக அலைஞ்சு தவறிப்போன எங்க அக்கா ஒருத்தங்க நினைவா வருஷா வருஷம் ஏதாவது செய்யணும். ஜூலை 18 மண்டேலா டேல எல்லாரும் 67 நிமிஷம் சேவை பண்றாங்களே, அந்த கணக்குல சேத்து பண்ணிடலாமா?
– மகளிர் குழு, லெனேசியா

பதில்: பண்ணலாம், ஆனா அன்னிக்கு கம்பெனி டீ-ஷர்ட் போட்டுக்கிட்டு எல்லாரும் சூப் பானையோட வந்துடுறாங்க, ஒரே புள்ள மூணு தடவை சாப்பிடுது. ஜனவரிய யோசிச்சீங்களா? டிசம்பர்ல இருந்த காசு எல்லாம் தீந்திருக்கும், ஸ்கூல் தொறக்கும், யூனிஃபார்ம், நோட்டு, ஷூன்னு தாய்மாருங்க கடன் கேட்டு அலையுற மாசம், அப்போ ஒரு சூப் பானையும் கண்ணுல படாது. அந்த அக்கா எந்த மாசத்துல ரொம்ப அலைஞ்சாங்கன்னு உங்க குழுவுலயே யாருக்காவது ஞாபகம் இருக்கும், அந்த மாசத்தையே எடுத்துக்கோங்க. ஜனவரின்னு முடிவானா நவம்பர்லயே ஸ்கூல் கிளார்க்கை பாத்து எத்தனை புள்ளைங்க, என்ன சைஸ்னு மட்டும் வாங்கிடுங்க, பேரு கேக்காதீங்க. கறுப்பு ஷூவை டிசம்பர் சேல்ல வாங்கி வெச்சுடுங்க, ஸ்கூல் தொறக்குற வாரத்துல சின்ன சைஸ் ஒண்ணும் கடையில மிஞ்சாது.