ஃபயர்வால் அலர்ட் வந்ததும் பிளாக் கொடுக்கலாமா?

கேள்வி: விண்டோஸ் 11 லேப்டாப்பில் புதிதாக ஒரு ஃபயர்வால் மென்பொருள் போட்டேன். எதையும் திறக்காமல் சும்மா இருக்கும்போதே, ‘எஸ்விசிஹோஸ்ட் 239.255.255.250, போர்ட் 1900-உடன் இணைய முயல்கிறது’ என்று அலர்ட் வருகிறது. பயந்துபோய் பிளாக் கொடுத்தேன். இப்போது வைஃபை பிரிண்டர் லேப்டாப்பில் தெரியவில்லை. யாராவது என் லேப்டாப்பில் நுழையப் பார்க்கிறார்களா?

பதில்: இல்லை. அந்த அலர்ட்டில் வெளியே பேச முயல்வது உங்கள் லேப்டாப்தான். அதுவும் இணையத்துக்குப் போகவில்லை. 224-இல் தொடங்கி 239 வரையிலான முகவரிகள் மல்டிகாஸ்ட்டுக்கென, அதாவது ஒரே செய்தியைப் பல கருவிகளுக்கு ஒன்றாக அனுப்புவதற்கென, ஒதுக்கப்பட்டவை. போர்ட் என்பது எந்தச் சேவைக்கான பேச்சு என்று காட்டும் எண். 239.255.255.250, போர்ட் 1900 என்றால், ‘பிரிண்டர், டிவி, ரூட்டர் யாராவது இருக்கிறீர்களா?’ என்று வீட்டு நெட்வொர்க்குக்குள் குரல் கொடுப்பதாக அர்த்தம். அந்தக் குரலை நீங்கள் அடைத்துவிட்டதால்தான் பெரும்பாலும் பிரிண்டர் காணாமல் போயிருக்கிறது. 224.0.0.251, போர்ட் 5353 என்று வந்தாலும் இதே ரகம்தான். குரோம் பிரவுசர்கூட இதைக் கேட்கும்.

இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று தோன்றும். விண்டோஸின் சொந்த ஃபயர்வால், வெளியே போகும் இணைப்புகளை வழக்கமாகக் கேள்வி கேட்காமல் விட்டுவிடும். புதிய மென்பொருள் ஒவ்வொன்றையும் நிறுத்திக் கேட்கிறது. இந்தப் பேச்சு முன்பும் நடந்துகொண்டுதான் இருந்தது.

எஸ்விசிஹோஸ்ட்டை மொத்தமாக பிளாக் செய்யவே கூடாது. விண்டோஸின் பல சேவைகள் அந்த ஒரே பெயரில்தான் ஓடுகின்றன: இணையதளப் பெயரை முகவரியாக மாற்றுவது (போர்ட் 53), ரூட்டரிடம் ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி, வாங்குவது (67, 68), கடிகாரத்தைச் சரிசெய்வது (123), விண்டோஸ் அப்டேட். அடைத்த உடனே எல்லாம் நின்றுவிடாது என்பதுதான் இதில் குழப்பம். ஐபியைப் புதுப்பிக்கும் நேரம் வரும்போது, சில மணி நேரம் கழித்து நெட் போகும். நீங்கள் இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஃபயர்வாலின் விதிகள் பகுதிக்குப் போய் அந்த பிளாக் விதியை நீக்குங்கள். அடுத்த முறை கேட்டால் அனுமதி கொடுங்கள். பிரிண்டர் திரும்ப வந்துவிட வேண்டும்.

அனுமதிப்பதற்கு முன் ஒரு விஷயத்தை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: கோப்பு எங்கே இருக்கிறது? உண்மையான எஸ்விசிஹோஸ்ட், சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள சிஸ்டம்32-இல் இருக்கும். அதே பெயர் டெம்ப், ஆப்டேட்டா, டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருந்து ஓடினால் அது போலி. பெயரில் ஓர் எழுத்து இடம் மாறியிருந்தாலும் அப்படியே. மற்ற மென்பொருட்கள் ஆப்டேட்டாவில் இருப்பதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட வேண்டாம், டிஸ்கார்ட் போன்றவை அங்கேதான் குடியிருக்கின்றன. கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையொப்பம் யாருடையது என்று பாருங்கள். விண்டோஸின் சில கோப்புகளில் அந்தப் பகுதியே இருக்காது. சிஸ்டம்32-க்குள் இருந்தால் அதற்காக மட்டும் பதற வேண்டாம். வேறெங்கோ கிடக்கும், கையொப்பம் இல்லாத, பெயர் தெரியாத கோப்பை, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் வைரஸ்டோட்டல் இணையதளத்தில் ஏற்றிச் சோதிக்கலாம்.

நான் உண்மையில் கவலைப்படும் அலர்ட்டுகள் வேறு. நீங்கள் எதுவும் செய்யாதபோது பவர்ஷெல் (விண்டோஸில் கட்டளைகளை இயக்கும் கருவி), அல்லது வேர்டு ஃபைல் திறந்த கையோடு ஏதோ ஒரு ஸ்கிரிப்ட், அறிமுகமில்லாத வெளி முகவரிக்குப் போகப் பார்த்தால் யோசிக்காமல் பிளாக் கொடுங்கள். வெளி முகவரியா என்று பிரித்துப் பார்க்க: 192.168, 10 என்று தொடங்குபவை வீட்டு நெட்வொர்க் போன்றவற்றின் உள் முகவரிகள், 127.0.0.1 உங்கள் லேப்டாப்பே. உள்ளே வரும் இணைப்பாக இருந்து, போர்ட் 445 (கோப்புப் பகிர்வு) அல்லது 3389 (தூரத்திலிருந்து கணினியை இயக்குவது) என்றால் அதுவும் பிளாக்தான். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது 445 வழியாகத்தான். ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் லேப்டாப்புக்கு வெளியிலிருந்து இப்படித் தொடர்ந்து வந்தால், ரூட்டரில் யாராவது போர்ட் திறந்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பொது இடத்து வைஃபையில் இருந்தால், பக்கத்தில் இருக்கும் இன்னொரு கணினிகூடத் தட்டலாம்.

எந்த மென்பொருள் எங்கே பேசுகிறது என்று நேரடியாகப் பார்க்க, ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடி, அதன் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் போதும்.

போலி என்று உறுதியானால், வைரஸ் பட்டியலை அப்டேட் செய்து, நெட்டைத் துண்டித்து, மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகும் என்பதால் திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிடுங்கள். மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டுகளை போனிலிருந்து மாற்றுங்கள். அந்த லேப்டாப்பில் வைத்து மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் திருடுபோகலாம்.