மரவள்ளி மாவுப்பூச்சிக்கு மருந்து அடிக்கலாமா?

கேள்வி: ஐயா, ஆத்தூர் அருகே இரண்டரை ஏக்கரில் தை மாதம் மரவள்ளி நட்டேன். இப்போது நான்கு மாதப் பயிர். கொழுந்து சுருண்டு கொத்தாக நிற்கிறது. உள்ளே வெள்ளைப் பூச்சி மண்டியிருக்கிறது. உரக்கடையில் இரண்டு மருந்துகளைக் கலந்து பத்து நாளைக்கு ஒருமுறை அடிக்கச் சொல்கிறார்கள். ஏத்தாப்பூரில் வெளிநாட்டுக் குளவி விட்டிருக்கிறார்கள், மருந்து அடித்தால் அது செத்துவிடும் என்கிறார் என் மாமா. உலகத்துக்கே உணவு போதவில்லை என்று பேசும் காலத்தில், ஒரு குளவியை நம்பி மருந்தை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தலாம், நிறுத்துவதே நல்லது. ஆனால் குளவி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று கைகட்டி இருந்துவிடக் கூடாது. அது வேலை செய்வதற்கு உங்கள் வயல் இடம் கொடுக்க வேண்டும்.

முதலில் பூச்சி எது என்று உறுதி செய்யுங்கள். கொத்துக் கொழுந்தைப் பிரித்து, பூச்சியின் மேலுள்ள வெள்ளைப் பொடியைத் துடைத்துப் பாருங்கள். உடல் இளஞ்சிவப்பாக இருந்து, கணுக்கள் நெருங்கி, தண்டு முறுக்கிக்கொண்டிருந்தால் அது மரவள்ளி மாவுப்பூச்சி. உடல் மஞ்சளாக இருந்தால் பப்பாளி மாவுப்பூச்சி; அதற்கு 2010-இல் வேறொரு குளவி தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுகள் மட்டும் இருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அதற்கு எந்தக் குளவியும் உதவாது. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் முதலாவதாகவே தோன்றுகிறது.

உலக உணவைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கான விடை இந்தப் பூச்சியின் வரலாற்றிலேயே இருக்கிறது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இப்பூச்சி 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதிக்குள் நுழைந்தது. அங்கே மரவள்ளி ஆலைக்குப் போகும் பயிர் அன்று. கோடிக்கணக்கான ஏழை மக்களின் அன்றாடச் சோறு. கடுமையாகத் தாக்கிய இடங்களில் விளைச்சலில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை போயிற்று. மருந்து வாங்கவும் தெளிக்கவும் வசதியற்ற அந்தச் சிறு உழவர்களுக்காக, நைஜீரியாவின் இபாதானில் இருந்த பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தின் விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரன் தலைமையிலான குழு, பூச்சியின் பிறந்த மண்ணில் அதன் பகைவனைத் தேடியது. பராகுவேயில் கிடைத்த அனகைரஸ் லோபெசி என்ற சிறு குளவி, தனிமைப்படுத்திச் சோதிக்கப்பட்டபின் 1981-இல் நைஜீரியாவில் விடப்பட்டது. பிறகு நாடு நாடாகப் பரவி ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் பூச்சியை அடக்கியது. இதற்காக ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. மருந்துத் தெளிப்பால் இவ்வளவு பரந்த நிலத்தை, இவ்வளவு ஏழை வயல்களை எட்டியிருக்கவே முடியாது என்பது என் உறுதியான கருத்து.

உலகிலேயே மிகுதியாக மரவள்ளி மாவை ஏற்றுமதி செய்யும் தாய்லாந்தில் 2008-இல் இப்பூச்சி காணப்பட்டபோது, ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து அதே குளவி அங்கே போயிற்று. இந்தியாவில் 2020-இல் திருச்சூர்ப் பகுதியில் கண்டறியப்பட்ட பூச்சி, விரைவிலேயே சேலம், நாமக்கல் வயல்களுக்கு வந்தது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் பெனினிலிருந்து குளவியைத் தருவித்துச் சோதித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது. மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்யும் ஜவ்வரிசித் தொழில் நம் சேலம் மாவட்டத்தில் வேரூன்றியதே இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு வரத்து நின்றதால்தான் என்பதை எண்ணினால், உலகத்துக்கும் நம் வயலுக்கும் உள்ள இந்தத் தொடர்பு புதிதன்று என்பது விளங்கும்.

இனி குளவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். எள்ளளவே உள்ள இது மனிதரைக் கொட்டாது. மரவள்ளி மாவுப்பூச்சியைத்தான் தேடிப் போகும். பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே பொரிக்கும் புழு பூச்சியைத் தின்றே வளரும். அப்படித் தின்னப்பட்ட பூச்சி பழுப்பாக உப்பி, விறைத்து, ஒரு கூடுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ இரண்டு மூன்று வாரங்களில் அதைத் துளைத்துப் புதுக் குளவி வெளிவரும். மாவுப்பூச்சியோ ஆண் துணையின்றியே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மருந்து மெழுகுப் பொடியையும் சுருண்ட கொழுந்தையும் தாண்டி எல்லாப் பூச்சிகளையும் எட்டுவதில்லை. வெளியே திரியும் குளவியையோ அது உடனே கொன்றுவிடும். மிஞ்சிய பூச்சி தடையின்றிப் பெருகும். பத்து நாளைக்கு ஒருமுறை அடிக்கும் வயலில் பூச்சி தீராமல் போவதற்கு இதுவே காரணம்.

பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவில் சத்தில்லாத மணற்பாங்கான நிலங்களில் மட்டும் குளவியின் பலன் குறைந்தது. சத்துக் குறைந்த செடியில் மாவுப்பூச்சி சிறுத்துப் போகிறது. சிறுத்த பூச்சியில் இடப்படும் முட்டைகளிலிருந்து ஆண் குளவிகளே மிகுதியாகப் பிறக்கின்றன. ஆண் குளவி முட்டையிடாதே. அங்கே எருவும் மூடாக்கும் இட்டதும் நிலைமை சீரடைந்தது. ஆகவே மருந்துக்கு ஒதுக்கிய பணத்தைத் தொழுவுரத்துக்கும், வரிசைகளுக்கு இடையே சருகு மூடாக்குக்கும் செலவிடுங்கள். கிழங்கு மண்ணிலிருந்து சாம்பல் சத்தை, அதாவது பொட்டாஷை, மிகுதியாக எடுப்பதாலும், பொட்டாஷ் உரத்துக்கு நம் நாடு ஏறக்குறைய முழுவதும் இறக்குமதியையே நம்பியிருப்பதாலும், இது குளவிக்காக மட்டும் செய்யும் வேலையாகாது.

நாளைக் காலையிலேயே வயலைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, கொத்துக் கொழுந்துகளில் பழுப்பாக உப்பிய பூச்சிகள் உண்டா என்று பாருங்கள். இருந்தால் குளவி வந்துவிட்டது. எந்த மருந்தும் வேண்டாம். இல்லையென்றால், பாதித்த கொழுந்துகள் சிலவற்றைக் காகிதப் பையில் போட்டு ஏத்தாப்பூர் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிக் குளவி கேளுங்கள். மோசமாகத் தாக்குண்ட கொழுந்துகளைக் கிள்ளி எடுங்கள். ஆனால் உடனே எரித்துவிடாமல், குளவி வெளியேறும்படி வலை கட்டிய கூடையில் சில வாரம் வைத்திருங்கள். வெள்ளைப் பஞ்சு போர்த்தியதுபோல் வேகமாக ஊரும் புழுவைக் கண்டால் நசுக்கிவிடாதீர்கள்; அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. பூச்சிக்குக் காவல் நிற்கும் எறும்புப் புற்றுகளைக் கலைத்துவிடுங்கள். தண்ணீர் வசதி இருந்தால் கொழுந்தில் படும்படி வேகமாகப் பீய்ச்சலாம். மழை பிடித்துவிட்டால் பூச்சி தானாகவே குறையும். குளவி கிடைக்கும்வரை தாங்காது என்று தோன்றினால், வயல் முழுவதும் அடிக்காமல், பாதித்த செடிகளுக்கு மட்டும் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளியுங்கள்.

மருந்து பயன்படுத்த ஏற்ற ஓரிடம் உண்டு: அது விதைக்குச்சி. இப்பூச்சி ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் குச்சிக் கட்டுகளில்தான். உங்கள் வயலில் நோயும் பூச்சியும் இல்லாத செடிகளை இப்போதே நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அறுவடையின்போது குச்சி அவற்றிலிருந்து மட்டும் எடுங்கள். வெளியூர்க் குச்சி வாங்க நேர்ந்தால், கணுக்களின் இடுக்கில் வெள்ளைப் பொடி இருக்கிறதா என்று வண்டியிலிருந்து இறக்குமுன் பாருங்கள். நடுமுன் கரணைகளை, அதாவது நறுக்கிய குச்சித் துண்டுகளை, நனைப்பதற்கான மருந்தையும் அளவையும் ஏத்தாப்பூர் நிலையத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நனைத்த கரணைகளைக் கையுறை அணிந்து நடுங்கள்.