இரண்டு பில்லும் ஒரு லேப்டாப்பும்

அன்புள்ள சார்,

சென்னை ஓஎம்ஆரில் ஒரு நிறுவனத்துக்காகக் கான்ட்ராக்டில் புரோகிராம் எழுதுகிறேன். ஒரு கன்சல்டன்சி வழியாகச் சேர்ந்தேன். சம்பளம் என்று கிடையாது, மாதாமாதம் கன்சல்டன்சிக்கு பில் போடுவேன். இரண்டு பில் நிற்கிறது. கேட்டால் "கிளையன்ட் இன்னும் தரவில்லை" என்கிறார்கள். என் வேலைக்காகக் கிளையன்ட் அவர்களுக்குத் தருவது மாதம் 1,90,000 என்று தற்செயலாகத் தெரிந்தது. எனக்கு 1,20,000. இது பகல் கொள்ளை இல்லையா? பணம் வரும்வரை கிளையன்ட் தந்த லேப்டாப்பைத் திருப்பித் தருவதில்லை என்று இருக்கிறேன். கிளையன்டிடம் நேராகச் சொல்லலாம்தான். ஆனால் சேரும்போது கன்சல்டன்சியில் என் ரெஸ்யூமில் இரண்டு வருட அனுபவத்தைக் கூட்டிப் போட்டார்கள், அதை இழுத்துவிடுவார்களோ என்று பயம். நான் செய்வது தப்பா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த எழுபதாயிரத்தில் ஆரம்பிக்கிறேன். எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. நானும் இப்படி வேலை பார்த்த காலத்தில், பிரின்டரில் யாரோ எடுக்க மறந்த பர்ச்சேஸ் ஆர்டரில் என் பெயரையும் பக்கத்தில் எனக்காகக் கிளையன்ட் தரும் ரேட்டையும் பார்த்தேன். அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் கணக்குத் தெரிந்த நண்பர் ஒருவர்தான் விளக்கினார். பெரிய கம்பெனிகள் பில்லை 60, 90 நாள் கழித்துத்தான் செட்டில் செய்வார்கள். நமக்கு மாதாமாதம் தர வேண்டும். நடுவில் கன்சல்டன்சி தன் பணத்தைப் போட்டோ கடன் வாங்கியோ ஓட்டுகிறது. மார்ஜின் அதற்கும் சேர்த்துத்தான். 1,20,000க்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். இப்போது அதைக் கொள்ளை என்பது எனக்கு ஒப்பவில்லை.

சரி, அப்படியானால் கிளையன்ட் தராத நாட்களைச் சுமக்கவும்தானே அந்த எழுபதாயிரம்? "கிளையன்ட் தந்தால்தான் உனக்கு" என்கிறவர்கள் சுமையை உங்கள் தலையில் இறக்கிவிட்டு, சுமைகூலியை மட்டும் தாங்கள் வைத்துக்கொள்கிறார்கள். தப்பு இங்கேதான் இருக்கிறது. கிளையன்ட் தரவில்லை என்ற காரணத்தைச் சொல்லி ஏஜென்சி பணத்தை நிறுத்தக்கூடாது என்று பிரிட்டனில் 2003லேயே விதி வந்துவிட்டது. (சொந்தக் கம்பெனி பெயரில் வேலை பார்ப்பவர்கள் 'எனக்கு அந்த விதிகள் வேண்டாம்' என்று எழுதிக் கொடுக்கவும் அதிலேயே வழி உண்டு. ஏஜென்சிகளுக்கு மிகவும் பிடித்த தாள் அது.) இங்கே, வேலைக்கு முன்பே உத்யம் பதிவு (சிறு தொழில் என்று அரசிடம் பதிந்துகொள்வது) செய்திருந்தால், சிறு, குறு தொழில்களுக்கான 2006ஆம் வருடச் சட்டம் உங்களுக்கு உதவும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதக் கூட்டு வட்டி. அதற்கென்று அரசே வைத்திருக்கும் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம்.

இன்னொன்று, உங்கள் 26ஏஎஸ் பாருங்கள், அதாவது உங்களுக்குத் தரும் பணத்தில் யார் எவ்வளவு வரி (டிடிஎஸ்) பிடித்து உங்கள் பெயரில் கட்டினார்கள் என்று வருமான வரித் துறை காட்டும் பக்கம். என் கடைசி பில் "அப்ரூவ் ஆகவில்லை" என்று நான்கு மாதம் இழுத்தடித்தார்கள். 26ஏஎஸ்ஸில் பார்த்தால் அதே பில்லுக்கு டிடிஎஸ் பிடித்து என் பான் எண்ணில் கட்டியிருந்தது. பணம் தராவிட்டாலும், பில்லைத் தன் கணக்குப் புத்தகத்தில் ஏற்றிய அன்றே டிடிஎஸ் பிடித்தாக வேண்டும். அதாவது எனக்குத் தர வேண்டியது என்று அவர்களே எழுதி வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தை மெயிலில் இணைத்து, கூட ஒரு வரிகூட எழுதாமல் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் பணம் வந்தது.

லேப்டாப்பைக் கொடுத்துவிடுங்கள், ரசீது வாங்கிக்கொண்டு. உங்களுக்குக் கடன்பட்டது கன்சல்டன்சி, நீங்கள் பிடித்து வைத்திருப்பதோ கிளையன்டின் பொருள். அதை வைத்திருக்கும்வரை உங்கள் பில்லைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், லேப்டாப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். வேலையை நிறுத்துவது வேறு, அது நியாயம். ரேட்டைக் கிளையன்டிடம் பேசமாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருந்தால் பேசாதீர்கள். "இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை, இந்தத் தேதியோடு நிறுத்துகிறேன்" என்று மேனேஜரிடம் சொல்வதில் எந்த ரகசியமும் இல்லை.

ஆனால் உங்களால் அதைச் சொல்ல முடியவில்லை. காரணத்தைக் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். "கூட்டிப் போட்டார்கள்" என்கிறீர்கள். இன்டர்வியூவில் கேட்டபோது அந்த இரண்டு வருடத்தையும் சேர்த்துச் சொன்னது யார் வாய்? உங்கள் கழுத்தில் கிடக்கும் கயிறு அதுதான். இந்த மூன்று பேரில், உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், யாரிடமும் பொய் சொல்லாதது கிளையன்ட் மட்டும்தான். அவர்கள் லேப்டாப்தான் உங்கள் வீட்டில் இருக்கிறது.

மேனேஜரிடம் ரெஸ்யூம் விஷயத்தை நீங்களே முதலில் சொல்லிவிடுவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. வேலை போகலாம், பெரும்பாலும் போகும். ஆனால் தெரிந்தே உங்களை அனுப்பிய கன்சல்டன்சிக்கு, அதைக் காட்டி இரண்டு பில்லையும் மறுக்க வாயில்லை.

உத்யம் பதிவு எப்போது செய்தீர்கள், 26ஏஎஸ்ஸில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.