மாதாமாதம் விழும் 600 ரூபா

அன்புள்ள அண்ணா,

மகள் தரம் 11 படிக்கிறாள். கூட்டு வட்டிக் கணக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நானும் பெரிய ஆள் மாதிரி, வங்கியில் போட்டிருக்கும் என் ஒரு இலட்சம் ரூபா நிலையான வைப்பையே உதாரணமாக எடுத்தேன். வட்டி 8 சதவீதம். வருடத்துக்கு 8,000, ஐந்து வருடத்துக்கு 40,000, மொத்தம் 140,000 என்றேன். "அம்மா, அது எளிய வட்டி" என்று சிரித்துவிட்டு 146,933 என்று எழுதிக் காட்டினாள். வங்கி தந்த தாளில் 8.30 என்று இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் என் கணக்கில் விழுவது 600 ரூபாதான். எது சரி?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

பரீட்சையில் மகளுக்குத்தான் புள்ளி. ஆனால் உங்கள் வைப்பில் நடப்பது அவள் கணக்கும் இல்லை, உங்கள் கணக்கும் இல்லை.

முதலில் அவளுடையதைப் பாருங்கள். புறக்கோட்டைக் கடைகளில் மேசைமேல் கிடக்குமே, அந்தப் பெரிய கேசியோ கல்குலேட்டர் கிடைத்தால் 1.08ஐ அழுத்தி, பெருக்கல் குறியை இரண்டு தடவை தட்டி, 100000 போட்டு, சமன் குறியை அழுத்துங்கள். 108,000 வரும். இன்னொரு தடவை சமன்: 116,640. ஒவ்வொரு தட்டும் ஒரு வருடம். இரண்டாம் வருடத்து வட்டி 8,640 ஆகிறதே, அந்த மேலதிக 640தான் வட்டி போட்ட குட்டி. ஐந்தாம் வருடத்தில் மட்டும் 10,884 ரூபா ஏறும்.

உங்கள் 600க்கு வருவோம். ஒரு இலட்சத்துக்கு 8 சதவீதம் என்றால் மாதத்துக்கு 666 ரூபா 67 சதம். 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். மிச்சம் சரியாக 600. அது சேமிப்புக் கணக்குக்குப் போகிறது, அங்கிருந்து மீனுக்கும் ரீலோடுக்கும் போகிறது. ஐந்து வருடத்தில் 36,000 ரூபா கைக்கு வந்திருக்கும், வைப்பு அதே ஒரு இலட்சமாகவே இருக்கும்.

அந்த 8.30 பொய்யில்லை. மாத வட்டியை ஒவ்வொரு மாதமும் அதே வீதத்தில் திரும்பப் போட்டால் வருட முடிவில் 108,300 ஆகும் என்பதுதான் அதன் அர்த்தம். அப்படி யார் போடுகிறார்கள்? எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை.

என் அம்மாவும் கொட்டாஞ்சேனையில் இப்படித்தான் மாத வட்டி எடுத்தார். வட்டி விழும் நாளில் குடையும் பாஸ்புத்தகமுமாகப் போய்ப் பதிந்துகொண்டு வருவார். ஒருநாள், "இவ்வளவு வருசமாச்சு, காசு ஒரு குட்டிகூடப் போடேல்லையே" என்று கேட்டார். கணக்கு வேலையே செய்துகொண்டிருந்த எனக்கு அதுவரை உறைக்கவில்லை. ஆனாலும் மாற்றச் சொல்லவில்லை. அந்தக் காசுதான் அவருடைய பிரஷர் மருந்து.

உங்களுக்கு மாதச் செலவுக்கு அது தேவையில்லை, மகளின் படிப்புக்கான காசு என்றால், முதிர்வில் வட்டி தரும் வைப்புக்கு மாறுங்கள். அப்போதும் வரிக்குப் பிறகு கையில் நிற்பது 7.2 சதவீதம்தான். வருடா வருடம் வட்டியையும் சேர்த்துப் புதுப்பிப்பதாக எடுத்து, 1.072ஐ வைத்து ஐந்து தடவை தட்டினால் 141,571. பார்த்தீர்களா, மகள் சிரித்த உங்கள் 140,000 அப்படியொன்றும் தூரத்தில் இல்லை! வருட வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டதென்றால் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அந்த வரியைத் தவிர்க்கலாம். வங்கியில் கேளுங்கள்.

ஒரு வருட வைப்பு என்றால் ஐந்து வருடமும் 8 கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். 2023 தொடக்கத்தில் 20 சதவீதத்துக்கு மேலே கொடுத்தவர்கள் அடுத்த வருடமே ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதைப் பார்த்தோமே.

அப்புறம், வைப்பைப் புதுப்பிக்கும்போது முதலை மட்டுமா, முதலும் வட்டியும் சேர்த்தா என்று கேட்பார்கள். அவசரத்தில் 'முதல் மட்டும்' என்று சொல்லிவிட்டு வந்தால் திரும்பவும் எளிய வட்டிதான்.