அரப்பள்ளியில் பாதி நேரம்

அன்புள்ள சார்,

மார்த்தாண்டத்தில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிறேன். இந்துக் குடும்பம். போன ஞாயிறு காலை திருவிதாங்கோடு அரப்பள்ளியைப் பார்க்கப் போனேன். பழைய கல்கட்டடம் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன், ஆனால் உள்ளே குர்பானா என்கிற அவர்களுடைய பூசை நடந்துகொண்டிருந்தது. திரையை மூடித் திறந்தார்கள், மணிகள் குலுங்கின. எப்போது நிற்பது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் பாதியிலேயே வெளியே வந்துவிட்டேன். என்னைப் போன்றவர்கள் உள்ளே போகலாமா? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? இயேசுவின் சீடர் தோமா உண்மையிலேயே கி.பி. 63இல் அங்கே வந்தாரா? எப்படியும் எல்லா மதமும் ஒன்றைத்தானே சொல்கிறது, அதனால் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அங்கே எடுத்த வீடியோவை என் பக்கத்தில் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

உங்கள் வாசகன்,
மார்த்தாண்டம்

அன்புள்ள தம்பி,

போகலாம். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஆண்கள் நிற்கும் பக்கம் பின்னால் போய் நில்லுங்கள். மற்றவர்கள் எழும்போது எழுந்தால் போதும். நீங்கள் பட்ட கூச்சம் நல்ல கூச்சம், அதைப் போக்கிக்கொள்ள வேண்டாம். தோமா வந்த வருடம் அந்தச் சபையின் மரபு. தோமா கட்டியதாகச் சொல்லும் ஏழரைப் பள்ளிகளில் அரைப்பள்ளி என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பிக் கும்பிடும் இடம் அது. அந்த 63ஐ நிரூபிக்கிற சாசனம் எதுவும் இல்லை, அதற்காக வாசலில் நின்று வாதாட வேண்டியதும் இல்லை.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கேள்விகளுக்காக அல்ல, 'எல்லா மதமும் ஒன்றைத்தானே சொல்கிறது' என்கிற அந்த வரிக்காக. கொஞ்ச நாளாகவே இந்த வாக்கியம் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. படித்தவர்கள், நல்லவர்கள், சண்டை வேண்டாம் என்று நினைப்பவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். ஆனால் இதைச் சொன்ன பிறகு யாரும் எதையும் உற்றுப் பார்ப்பதில்லை. நீங்களே பாருங்கள், திரையைப் பார்த்தீர்கள், ஏன் மூடினார்கள் என்று கேட்கவில்லை. மணி கேட்டது என்கிறீர்கள். அது மர்பஹாஸா, வட்டத் தகட்டைச் சுற்றிச் சிறு மணிகள் கோத்த கோல். அதன் ஓசையில் வானதூதர்களின் சிறகடிப்பைக் கேட்கிறவர்கள் உங்களுக்கு நாலடி முன்னால் நின்றிருந்தார்கள். ஒன்றுதான் என்று முடிவு செய்துவிட்ட மனதுக்கு இதைக் கேட்கும் தேவையே வராது.

வேறு மதம்கூட வேண்டாம், உங்கள் ஊரிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போகிற தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டத்தில் மலங்கரை கத்தோலிக்கர்கள், திருவிதாங்கோட்டில் மலங்கரை ஆர்த்தடாக்ஸ். இரண்டு இடத்திலும் அதே சுரியானி வழிபாடு, அதே திரை. ஆனால் முதலாவது 1930இல் மார் இவானியோஸ் என்ற ஆயரோடு ரோமுடன் சேர்ந்த சபை, அங்கே போப்புக்காக வேண்டுகிறார்கள், இங்கே இல்லை. கோட்டாறு சவேரியார் கோயிலுக்குப் போனால் லத்தீன் முறை, வேறு ஜெபம், பீடத்தில் சுரூபங்கள். அதே நகரத்தில் லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டன்ட் சங்கம் கட்டிய ஹோம் சர்ச்சில் சுரூபமே கிடையாது, பிரசங்கமும் பாட்டும்தான். இந்த வித்தியாசங்களுக்காக மனிதர்கள் உறவை முறித்திருக்கிறார்கள், குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்திருக்கின்றன. 1653இல் இந்தச் சுரியானி கிறிஸ்தவர்களின் முன்னோர் மட்டாஞ்சேரியில் கூடி, போர்ச்சுகீசியப் பாதிரிகளுக்கு இனி அடங்க மாட்டோம் என்று கூனன் குரிசு என்கிற வளைந்த சிலுவையின் மேல் சத்தியம் செய்தார்கள். அவர்களிடம் போய் எல்லாம் ஒன்றுதானே என்று நீங்கள் சொன்னால், நீங்கள் பட்டதெல்லாம் வீண் என்று சொல்வதாகத்தான் ஆகும். அதை அன்பு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், தம்பி. கொல்லத்தில் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவப் பள்ளிக்கு 849இல் செப்பேடு கொடுத்த வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் அப்படியெல்லாம் சொல்லவில்லை. நிலம் கொடுத்தார், உரிமை கொடுத்தார், அவர்கள் வழியில் அவர்களை விட்டார். அந்தச் செப்பேட்டில் சாட்சிகள் அரபியிலும் பாரசீகப் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவரவர் எழுத்தில்.

திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த காலத்தில் கூட இருந்த பெரியவர் ஒருவர் பெரிய வெள்ளியன்று என்னைத் தங்கள் பள்ளிக்கு அழைத்துப் போனார். காலையில் தொடங்கியது மதியம் தாண்டியும் முடியவில்லை. மலையாளமும் சுரியானியுமாகப் பாதி எனக்குப் புரியவில்லை, கால் கடுத்தது. என் அம்மா வயதுப் பெண்கள் முழங்காலிட்டு, நெற்றி தரையில் பட விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தார்கள். கடைசியில் சிலுவையைப் பன்னீரால் கழுவி, குந்திரிக்கம் இட்டு, வெள்ளைத் துணியில் பொதிந்து அடக்கம் செய்தார்கள், வீட்டில் இறந்தவரைக் குளிப்பாட்டிக் கிடத்துவதைப் போலவே. நான் கொடைகளில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன். கொல்லப்பட்டவர் தெய்வமாவது எனக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் தெய்வம் சினந்து எழும், கொன்றவன் குலத்தைத் தேடிப் போகும், பலி வாங்கித்தான் அடங்கும். இங்கே கொல்லப்பட்டவர் கொன்றவர்களை மன்னிக்கச் சொல்லிவிட்டுச் சாகிறார், கூடியிருப்பவர்கள் தாங்களே அவரைக் கொன்றதாக நினைத்து அழுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல, தம்பி. ஒன்றல்ல என்று தெரிந்த அன்றுதான் எங்கள் தெய்வங்களின் கோபமே எனக்கு விளங்கியது.

முடிந்ததும் எல்லோருக்கும் கசப்பு நீர் கொடுத்தார்கள், எனக்கும் கிடைத்தது. அப்புறம் கஞ்சியும் பயறும். பெரியவர் எதையும் விளக்கவில்லை, மதம் மாறச் சொல்லவும் இல்லை, இன்னொரு கரண்டி பயறு போடச் சொன்னார், அவ்வளவுதான்.

அடுத்த முறை முடிகிற வரை இருங்கள். அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும்போது வரிசையில் போய் நிற்காதீர்கள், அது ஞானஸ்நானம் பெற்று அந்தச் சபையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். 'நாங்கள் பிரசாதம் கொடுக்கிறோமே' என்று மனத்தாங்கல் வேண்டாம். அவர்கள் உயிராக நினைப்பதை வந்தவர்களுக்கெல்லாம் நீட்ட மாட்டார்கள், அது அவர்கள் உரிமை. கடைசியில் பாதிரியார் கையிலுள்ள சிலுவையை முத்தமிடும் கைமுத்துக்கு எல்லோரும் போவார்கள், விருப்பமிருந்தால் நீங்களும் போகலாம்.

அந்த வீடியோவைப் பார்த்தேன். முக்காடு போட்டுக் கண்மூடி நிற்கிற ஓர் அம்மாளின் முகம் மிக அருகில் தெரிகிறது. அவரிடம் நீங்கள் கேட்கவில்லை. இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள்.